உப்புக் குகையில் ஹைட்ரஜன், வரிச் சட்டத்தில் கடிகாரம்

அமெரிக்காவின் உட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் டெல்டா என்றொரு சிற்றூர். அதன் பக்கத்தில் 1986-இல் ஓடத் தொடங்கிய 1,800 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் பெரும்பாலும் டெல்டாவில் தங்கியதில்லை. 785 கிலோமீட்டர் நேர்மின் கம்பித் தடத்தில் ஓடித் தெற்குக் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மின்துறைதான் அதன் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. நிலக்கரி மின்சாரத்துக்குப் புதிதாக நீண்டகால ஒப்பந்தம் போட முடியாதபடி கலிபோர்னியா 2006-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பழைய ஒப்பந்தத்தின் ஆயுள் 2027 வரை. அதற்குள் அதே வளாகத்தில் 840 மெகாவாட் எரிவாயு டர்பைன்களைக் கட்டுவது, தொடக்கத்தில் எரிபொருளில் 30 சதவீதம் ஹைட்ரஜன் கலப்பது, 2045-க்குள் முழுக்க ஹைட்ரஜனுக்கு மாறுவது என்று திட்டம் போட்டார்கள்.

இந்த 30 சதவீதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது கன அளவில் 30. ஒரு கனமீட்டர் ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றல், அதே அளவு இயற்கை எரிவாயுவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஆற்றல் கணக்கில் அது 11 சதவீதத்தை ஒட்டியே வரும். புகைபோக்கியில் குறையும் கார்பன் டை ஆக்ஸைடும் அவ்வளவே. செய்திக்குறிப்புகளில் 30 மட்டும்தான் கண்ணில் படும்.

என்றாலும் டெல்டாவைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஊருக்கு அருகே வெகு ஆழத்தில் பிரம்மாண்டமான உப்புப் பாறைத் திரட்சி ஒன்று உண்டு. அதற்குள் துளையிட்டு நன்னீரைச் செலுத்தினால் உப்பு கரையும். கரைந்த உப்புநீரை வெளியே இழுத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் கிடைக்கும். ஒரு கனமீட்டர் உப்பைக் கரைக்க ஏழெட்டுக் கனமீட்டர் நீர் தேவைப்படும் என்பதால் இது மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. டெல்டாவில் இப்படி இரண்டு குகைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 லட்சம் கனமீட்டர். உப்புச் சுவர் வாயுவைக் கசியவிடாது, ஹைட்ரஜனோடு வினைபுரியாது. ஆழத்தின் அழுத்தத்தில் மெல்ல நெகிழும் தன்மை இருப்பதால் சிறு விரிசல் விட்டாலும் தானே மூடிக்கொள்ளும். இது புதிய உத்தியுமல்ல. இங்கிலாந்தின் டீஸைடில் 1972 முதலும், டெக்ஸாஸின் கிளெமென்ஸில் 1983 முதலும் உப்புக் குகைகளில் ஹைட்ரஜனை அடைத்து எடுத்து வருகிறார்கள். அவை ரசாயன ஆலைகளுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உரிய இருப்பு. மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் இந்த அளவில் இறங்கியது டெல்டாதான்.

மிட்சுபிஷி பவரும் செவ்ரானும் பங்குதாரர்களாக உள்ள இந்தத் திட்டத்தில் 220 மெகாவாட் மின்பகுப்பான்கள் நீரைப் பிளந்து நாளொன்றுக்கு 100 டன் வரை ஹைட்ரஜன் தயாரிக்கும். இரண்டு குகைகளும் நிறைந்தால் 30 கோடி யூனிட் ஆற்றல் இருப்பில் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க: கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 2023-இல் முழு அளவை எட்டிய லித்தியம் பேட்டரி நிலையத்தின் அப்போதைய கொள்ளளவு 30 லட்சம் யூனிட். நூற்றில் ஒன்று. ஆனால் குகைகளை நிரப்ப மின்பகுப்பான்கள் இரவு பகலாக முழு வேகத்தில் ஓடினாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகலாம்.

இரவு பகலாக ஓட்டலாமா கூடாதா என்பதில்தான் அமெரிக்க வரிச் சட்டம் இரண்டரை ஆண்டு மல்லுக்கட்டியது.

அதற்கு முன் இயற்பியலைப் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ ஹைட்ரஜனை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் 33 யூனிட் சொச்சம். அதைத் தயாரிக்க இன்றைய மின்பகுப்பான்களுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். நல்ல கூட்டுச்சுழற்சி டர்பைனில் மறுபடி எரித்து மின்சாரம் எடுத்தால் கிலோவுக்கு 20 யூனிட் தேறும். ஆக, 100 யூனிட்டை உள்ளே போட்டால் 35 முதல் 40 திரும்பி வரும். வாயுவை அழுத்திக் குகைக்குள் தள்ளும் செலவையும் சேர்த்தால் இன்னும் குறையும். லித்தியம் பேட்டரியில் 100 போட்டால் 85-க்குக் குறையாமல் எடுக்கலாம்.

பாதிக்கு மேல் வழியிலேயே தொலையும் சேமிப்பு எதற்கு? பேட்டரியில் கொள்ளளவை இரட்டிப்பாக்க வேண்டுமானால் செல்களையும் இரட்டிப்பாக்க வேண்டும், செலவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் மின்கட்டமைப்பில் வைக்கும் பேட்டரிகள் பொதுவாக நான்கு மணி நேர இருப்போடு நிற்கின்றன. மதிய வெயிலை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு நகர்த்த அது போதும். ஹைட்ரஜனில் மின்பகுப்பானும் டர்பைனும்தான் விலை. குகையைப் பெரிதாக்குவது மலிவு, இன்னும் கொஞ்சம் உப்பைக் கரைத்தால் ஆயிற்று. பங்குனி, சித்திரையில் மிஞ்சும் வெயிலை மார்கழி வரை வைத்திருக்க வேண்டும் என்றால் பேட்டரிக்கு அந்த வேலை கட்டாது. கலிபோர்னியாவில் இப்படி மிஞ்சுவது சில்லறையல்ல. 2024-இல் மட்டும் அந்த மாநிலத்தின் மின்கட்டமைப்பு வாங்க ஆளில்லாமலும் கொண்டுபோகக் கம்பி போதாமலும் 340 கோடி யூனிட் சூரிய, காற்று மின்சாரத்தை உற்பத்தி செய்யாதே என்று நிறுத்தி வைத்தது. அதில் பெரும்பகுதி வசந்தகால நண்பகல் சூரிய மின்சாரம். வீணாகப் போவதில் நூற்றுக்கு முப்பத்தைந்து மீண்டால் அதுவும் ஆதாயம்தானே.

ஒரு சிக்கல் இருக்கிறது. மிஞ்சும் மின்சாரம் ஆண்டு முழுவதும் கிடைக்காது. அது இருக்கும் நேரம் மட்டுமே ஓட்டினால் கோடிக்கணக்கில் பணம் போட்ட மின்பகுப்பான் ஆண்டின் பெரும்பகுதி சும்மா கிடக்கும்; போட்ட முதல் குறைந்த கிலோக்களின் மேல் ஏறி உட்காரும்; விலை கூடும். தனியார் முதலீட்டாளர் இதற்குத் தயங்குவார். அரசு உள்ளே வருவது இந்த இடத்தில்தான். டெல்டா திட்டத்துக்கு 2022 ஜூனில் அமெரிக்க எரிசக்தித் துறை 50 கோடியே 44 லட்சம் டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று பணவீக்கக் குறைப்புச் சட்டம் கையெழுத்தானது. பெயரில் பணவீக்கம் இருந்தாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் பசுமை ஆற்றலுக்கான வரிச் சலுகை.

அச்சட்டம் வருமான வரி விதித்தொகுப்பில் 45வி என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. தூய ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆலைக்குக் கிலோ ஒன்றுக்கு 3 டாலர் வரை, பத்து ஆண்டுகளுக்கு, வரித் தள்ளுபடி. நம்மூர் வருமான வரியில் 80சி என்பது வருமானத்திலிருந்து கழிப்பது, 87ஏ என்பது கட்ட வேண்டிய வரியிலிருந்தே தள்ளுவது. 45வி இரண்டாவது ரகம். ஆயிரம் கிலோ தயாரித்தால் வரியில் 3,000 டாலர் மிச்சம். லாபமே பார்க்காத, வரியே கட்டாத நிறுவனம் என்ன செய்யும்? முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அந்தத் தொகையை அரசிடமிருந்து ரொக்கமாகவே பெறலாம், அல்லது சலுகையை இன்னொரு நிறுவனத்துக்கு விற்கலாம். பேருக்கு வரிச் சலுகை, நடப்பில் மானியம்.

3 டாலர் எல்லோருக்கும் கிடைக்காது. அடிப்படைத் தொகை 60 சென்ட்தான். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அந்த வட்டாரத்தின் நடப்புக் கூலி கொடுத்து, தொழில் பழகுநர்களையும் வேலைக்கு வைத்தால் ஐந்து மடங்காகும். அதன் பிறகு தூய்மை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்காக வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடு 0.45 கிலோவுக்குள் இருந்தால் முழு 3 டாலர். 1.5 கிலோவுக்குள் இருந்தால் ஏறத்தாழ 1 டாலர், 2.5-க்குள் 75 சென்ட், 4-க்குள் 60 சென்ட். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒப்பீட்டுக்கு, இன்று உலகில் பெரும்பாலான ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியச் செய்து எடுக்கப்படுவது. அதில் ஒரு கிலோவுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும்.

இந்த 0.45 எவ்வளவு கெடுபிடியானது என்பதை ஒரு வகுத்தலில் பார்த்துவிடலாம். ஒரு கிலோவுக்கு 50 யூனிட் மின்சாரம் என்றால், ஒரு யூனிட்டுக்கு 9 கிராம் கார்பன் டை ஆக்ஸைடுதான் அனுமதி. திறமான எரிவாயு மின்நிலையமே யூனிட்டுக்கு 350 முதல் 400 கிராம் வெளியிடும். அந்த மின்சாரத்தில் மின்பகுப்பானை ஓட்டினால் கிலோவுக்கு 17 முதல் 20 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது பழைய நீராவி முறையைப் போல இரண்டு மடங்கு. நிலக்கரி மின்சாரம் என்றால் 50 கிலோவுக்கு நெருக்கமாகப் போகும். எலக்ட்ரான்களில் பச்சை, கறுப்பு என்று முத்திரை கிடையாது. பொதுக் கம்பியிலிருந்து எடுக்கும் ஆலை, தான் எடுத்தது சூரிய மின்சாரம்தான் என்று எப்படி நிரூபிக்கும்?

சான்றிதழ் வாங்கி. அங்கே சூரிய, காற்று மின்நிலையங்கள் தாங்கள் உற்பத்தி செய்த மின்சாரத்துக்குச் சான்றிதழ் விற்கும். ஹைட்ரஜன் ஆலை ஆண்டில் 10 கோடி யூனிட் செலவழித்தால் 10 கோடிக்கும் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, என் கணக்கு நேர் என்று சொல்லலாம். இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் காற்றாலை வைத்திருக்கும் மில்காரர்களுக்குப் புதிதல்ல. முப்பந்தலிலும் உடுமலையிலும் காற்று சீசனில் சுழன்ற ஆலையின் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் கோவை நூற்பாலையில் எடுத்துப் பயன்படுத்துவதை ‘பேங்கிங்’ என்றே சொல்வார்கள். பேரேட்டில் அது சேமிப்பு. கம்பியில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆடி மாதக் காற்று ஆடியிலேயே யாரோ ஒருவரின் மின்விசிறியில் தீர்ந்துவிட்டது. தை மாதத்தில் நூற்பாலைக்கு வருவது அன்று அனல்மின் நிலையம் எரித்த கரி.

மில்லுக்கு இது ஒரு வணிக வசதி, அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஹைட்ரஜனுக்கு அதே முறையை வைத்தால் என்ன ஆகும்? 3 டாலரை 50 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 6 சென்ட். அமெரிக்க மொத்தவிலைச் சந்தையில் பெரும்பாலான நேரங்களில் மின்சாரமே 6 சென்டுக்குக் கீழேதான் விற்கும். அதாவது மின்சாரம் வாங்கும் செலவைவிட அரசு தரும் சலுகை பெரிது. எந்த ஆலை மேலாளர் இரவில் இயந்திரத்தை நிறுத்துவார்? சூரியன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் ஓட்டுவதே லாபம். இரவில் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க எரிவாயு மின்நிலையம் கூடுதலாக எரியும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதுவும் நியாயமாகவே தோன்றும். இரவில் எரிவாயு கூடினாலும், பகலில் நான் பணம் கொடுத்து வரவைத்த சூரிய மின்சாரம் அதே அளவு எரிவாயுவைக் குறைத்துவிடுகிறதே, ஆண்டுக் கணக்கில் சரியாகிவிடாதா என்பது அது. சூரிய மின்சாரம் அரிதாக இருந்த காலத்தில் இது ஏறக்குறைய உண்மை. கலிபோர்னியாவின் ஏப்ரல் நண்பகலில் பொய். அங்கே அந்நேரம் ஏற்கெனவே உபரி. புதிதாக வரும் சூரியத் தகடு எரிவாயுவை வெளியேற்றுவதில்லை, இன்னொரு சூரியத் தகட்டைத்தான் நிறுத்தவைக்கிறது. பகல் பக்கத்தில் மிச்சம் பூஜ்யம், இரவுப் பக்கத்தில் செலவு முழுசு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி ஜென்கின்ஸ் குழு அமெரிக்க மேற்குப் பகுதி மின்கட்டமைப்பைக் கணினியில் ஓட்டிப் பார்த்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆண்டுக் கணக்கில் நேர்செய்தால், ‘தூய’ ஹைட்ரஜனுக்கான உண்மையான வெளியேற்றம் நீராவி முறையைவிட மோசமாகக்கூடும். மணிக்கு மணி நேர்செய்து, மின்சாரமும் புதிய ஆலையிலிருந்து அதே வட்டாரத்தில் வந்தால் பூஜ்யத்தை நெருங்கும்.

அரசின் கருவூலத் துறை 2023 டிசம்பரில் வரைவு விதியை வெளியிட்டபோது இந்த மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துக்கொண்டது. மின்சாரம் தரும் ஆலை ஹைட்ரஜன் ஆலைக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஓடத் தொடங்கியதாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே மின் வட்டாரத்தில் இருக்க வேண்டும், எந்த மணியில் ஹைட்ரஜன் தயாரானதோ அதே மணியில் அந்த மின்சாரம் உற்பத்தியாகியிருக்க வேண்டும். ஏறத்தாழ 30,000 கருத்துரைகள் வந்து குவிந்தன. வரி விதி ஒன்றுக்கு இத்தனை பேர் எழுதுவது அபூர்வம். தொழிலே முளையில் கருகிவிடும், ஆண்டுக் கணக்கே போதும் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். கடிகாரம் இல்லாவிட்டால் அரசுப் பணத்தில் எரிவாயுதான் எரியும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகளும் சில ஹைட்ரஜன் நிறுவனங்களும் சேர்ந்து சொன்னார்கள்.

2025 ஜனவரி 3 அன்று வந்த இறுதி விதி நடுவில் ஓர் இடம் பார்த்து அமர்ந்தது. மணிக்கணக்கு நிபந்தனை 2028-இலிருந்து 2030-க்குத் தள்ளிப்போனது. அதுவரை ஆண்டுக் கணக்கு செல்லும். மூடும் நிலையிலுள்ள அணு உலைகளின் மின்சாரத்தில் உலைக்கு 200 மெகாவாட் வரை ‘புதியது’ என்று ஏற்கப்பட்டது. கார்பனுக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்திருக்கும் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களின் மின்சாரத்துக்கும் அதே விலக்கு. ஆனால் மூன்று நிபந்தனைகளின் எலும்பு முறியவில்லை.

அடுத்த மாதமே அது ஓர் ஆலையைப் பலிகொண்டது. நியூயார்க் மாநிலத்தின் மசீனாவில், செயின்ட் லாரன்ஸ் ஆற்று நீர்மின்சாரத்தைக் கொண்டு நாளொன்றுக்கு 35 டன் திரவ ஹைட்ரஜன் தயாரிக்க ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் திட்டமிட்டிருந்தது. நீர்மின்சாரத்தைவிடத் தூய்மையானது எது? ஆனால் அந்த அணை பல பத்தாண்டுகளாக ஓடுவது, ‘புதியது’ அல்ல. ஏற்கெனவே உள்ள நீர்மின்சாரத்துக்குச் சலுகை கிடைக்காது என்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி 2025 பிப்ரவரியில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. கடுமையான விதிதான் வேண்டும் என்று வாதிட்ட நிறுவனங்களில் அதுவும் ஒன்று என்பது வேடிக்கை. கேட்பவருக்கு அநியாயமாகப் படும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஆற்று மின்சாரத்தை இதுவரை வாங்கிய வீடும் தொழிற்சாலையும் நாளைக்கு எங்கே போகும்? இன்னொரு மின்நிலையம் அந்த ஓட்டையை அடைக்கும், நியூயார்க்கில் அது பெரும்பாலும் எரிவாயு. விதி சொன்னது சரி என்றே நினைக்கிறேன். கசப்பாக இருந்தது என்பதும் உண்மைதான்.

இவ்வளவும் உற்பத்திக்கான சலுகையின் கதை. சேமிப்புக்கென்று அதே 2022 சட்டத்தில் இன்னொரு சலுகை ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆற்றல் சேமிப்புக் கட்டமைப்பில் போடும் முதலில் 30 சதவீதம் வரித் தள்ளுபடி. இங்கும் கூலி நிபந்தனையை மதிக்காவிட்டால் 6 சதவீதம்தான். 2022-க்கு முன் பேட்டரியைச் சூரியத் தகடுகளோடு சேர்த்து வைத்தால்தான் இது கிடைத்தது. இப்போது தனியாக வைத்தாலும் உண்டு. குறைந்தபட்சம் 5 யூனிட் கொள்ளளவு இருந்தால் போதும். ஆற்றலை வாங்கி, வைத்திருந்து, மின்சாரமாக மாற்றுவதற்காகத் திருப்பித் தருவதே சேமிப்பு என்று வரையறுத்த சட்டம், ஹைட்ரஜனுக்கு மட்டும் ஓர் அடைப்புக்குறி போட்டது: ஹைட்ரஜன் என்றால் ஆற்றலைச் சேமித்தாலே போதும், மின்சாரமாகத் திரும்ப வேண்டியதில்லை.

முதலில் இதைப் படித்தால் ஓட்டை போலத் தோன்றும். உரத் தொழிற்சாலை தன் அம்மோனியாவுக்காக வைத்திருக்கும் தொட்டிக்கும் ‘ஆற்றல் சேமிப்பு’ என்ற பெயரில் 30 சதவீதமா? வரைவு விதி எழுதிய அதிகாரிகளுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சேமித்த ஹைட்ரஜன் ஆற்றலாக மட்டுமே பயன்பட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் வந்த இறுதி விதியில் அதை எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது நல்லதுதான். மின்கட்டமைப்பின் கண்ணோட்டத்தில் சேமிப்பு என்பது நேரத்தை நகர்த்துவது. உர ஆலைக்கு இரவு பகலாக ஹைட்ரஜன் வேண்டும். தொட்டியோ குகையோ இல்லையென்றால் மின்பகுப்பான் இரவிலும் ஓடியே ஆக வேண்டும். இருந்தால், வெயில் நேரத்தில் இரட்டிப்பாகத் தயாரித்து வைத்துவிட்டு இரவில் நிறுத்திவிடலாம். ஒரு யூனிட்கூட மின்சாரமாகத் திரும்பவில்லை. ஆனால் இரவுச் சுமை குறைந்தது, பகல் உபரி பயன்பட்டது. டர்பைனில் எரித்துப் பாதிக்கு மேல் இழப்பதைவிட இது திறமையான சேமிப்பு.

இரண்டு சலுகைகளும் கைகோக்கும் இடம் இதுதான். ஆண்டுக் கணக்கு போதுமென்றால் யாருக்கும் குகை தேவைப்படாது, இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டிக் குழாயில் விட்டுக்கொண்டே இருக்கலாம். மணிக்கணக்கு வந்தால் வெயிலோ காற்றோ உள்ள நேரத்தில் மட்டுமே தயாரிக்க முடியும், வாங்குபவரோ நாள் முழுதும் கேட்பார். அப்போது இடையில் ஒரு கிடங்கு கட்டாயமாகிறது. ஹைட்ரஜன் உண்மையிலேயே ஆற்றல் சேமிப்பாகச் செயல்படுமா என்பதை முடிவு செய்தது 3 டாலரோ 30 சதவீதமோ அல்ல, அந்தக் கடிகார நிபந்தனை. கணக்காளர்கள் சண்டையிட்ட ஒரு சின்ன விதி, மின்பகுப்பானின் சுவிட்ச் எப்போது அணையும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் சுற்றி வந்து இதே இடத்தில்தான் நிற்கிறது: 2029 இறுதிவரை மாதக் கணக்கு, 2030 முதல் மணிக்கணக்கு. இந்தியா 2023 ஆகஸ்டில் வகுத்த பசுமை ஹைட்ரஜன் வரையறையில் கிலோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்பது 12 மாதச் சராசரி. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராமுக்கு மேல் வெளியேறும் நிலையில், சராசரிக்கான காலத்தை இப்படி நீட்டி வைத்திருப்பது எனக்குக் கவலை தருகிறது.

சரி, டெல்டாவின் டர்பைனுக்கு வருவோம். முழுச் சலுகையும் கிடைத்தால் ஹைட்ரஜன் மின்சாரம் கட்டுபடியாகுமா? ஒரு கிலோவின் அடக்கவிலை 5 டாலர் என்று வைத்துக்கொண்டால், 20 யூனிட்டில் வகுத்தால் எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 25 சென்ட். 3 டாலர் கழிந்தால் 10 சென்ட். அதே டர்பைனில் இயற்கை எரிவாயுவை, பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 4 டாலர் விலையில் எரித்தால் இரண்டே கால் சென்ட். நான்கு மடங்கு இடைவெளி. ஆக, சலுகை வாங்கிய ஹைட்ரஜன் சந்தைக்கு வந்தால் முதலில் உரத்துக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் போகும். மின்சாரத்துக்கு வருவது கடைசி. டெல்டாவில் அது எரியப்போகிறதென்றால், கலிபோர்னியாவின் சட்டமும் கட்டணம் செலுத்தும் லாஸ் ஏஞ்சலஸ் வீடுகளும்தான் காரணம், வரிச் சலுகை துணைக்கு மட்டும். கிலோ 1 டாலருக்கு வர வேண்டும் என்று எரிசக்தித் துறை 2021-இல் பத்தாண்டு இலக்கு வைத்தது வெறும் முழக்கமல்ல. அந்த விலையில் எரிபொருள் செலவு யூனிட்டுக்கு 5 சென்டாகிவிடும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் தேவைப்படும் அவசர மின்சாரத்துக்கு அது கொடுக்கக்கூடிய விலை.

இத்தனை விவாதத்துக்குப் பிறகு 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய வரிச் சட்டம் ஆட்டத்தை மாற்றிவிட்டது. முந்தைய சட்டப்படி 2032 இறுதிவரை கட்டுமானத்தைத் தொடங்குபவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய 45வி சலுகை, இப்போது 2027 டிசம்பர் 31-க்குள் தொடங்குபவர்களுக்கு மட்டும். பிரதிநிதிகள் சபை 2025-உடனேயே முடித்துவிடப் பார்த்தது. செனட் இரண்டு ஆண்டு நீட்டித்தது. விதி எழுதவே இரண்டரை ஆண்டு எடுத்துக்கொண்டு, எழுதி முடித்த ஆறே மாதத்தில் கதவைச் சாத்தத் தொடங்கினால் எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஹைட்ரஜன் ஆலை திட்டமிட்டு, அனுமதி வாங்கி, கடன் திரட்டி, மண் தோண்டவே சில ஆண்டுகள் ஆகும் தொழில். சலுகையின் அளவைவிட அது எத்தனை நாள் நிலைக்கும் என்பதுதான் முதலீட்டாளரின் முதல் கேள்வி, அதில் அமெரிக்கா தோற்றது.

சேமிப்புச் சலுகையை அந்தச் சட்டம் பெரும்பாலும் விட்டுவைத்தது. சீனா முதலிய சில நாடுகளின் நிறுவனங்களோடு தொடர்புடைய கருவிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது, அவ்வளவே. ஹைட்ரஜனுக்கான அந்த அடைப்புக்குறியும் அப்படியே இருக்கிறது. இன்றைய நிலையில், அமெரிக்காவில் ஹைட்ரஜன் தயாரிக்கும் இயந்திரத்துக்கு 3 டாலர் சலுகை வேண்டுவோர் 2027 முடிவதற்குள் கட்டத் தொடங்க வேண்டும். அதை அடைத்து வைக்கும் குகைக்கோ தொட்டிக்கோ 30 சதவீதம் வேண்டுவோருக்கு 2033 முடியும்வரை அவகாசம் உண்டு.